நாற்பத்தாறு வீட்டு மொய்

ஐந்நூறு என்று வைத்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். ஐந்நூற்று ஒன்று என்று வைத்தான் அந்தப் புண்ணியவான். கம்பெனியில் ஆள் சேர்க்கக் கட்டணம் வாங்குகிறவனுக்கு எதற்கு அந்த ஒற்றை ரூபாய்? மங்களகரமாக இருக்கட்டும் என்று நினைத்தானாம். மதுரையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து யோசித்தவனுக்கு அது மங்களம். அருப்புக்கோட்டையில் தையல் மிஷின் மிதித்துப் பிழைக்கிற எனக்கு அது என்ன செய்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். என் பெயர் எலிசபெத். வாய் கொஞ்சம் நீளம் என்று தெருவில் பேச்சு உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் மொய் நோட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் ஒரு வீட்டில் கல்யாணமோ காதுகுத்தோ வந்தால், போய்ச் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதாமல் வெளியே வருகிறவன் மனிதனே இல்லை. நாம் எழுதியதை நம் வீட்டு விசேஷத்தில் அவர்கள் கொஞ்சம் கூட்டி எழுத வேண்டும். இருபது வருஷமாக நான் எழுதிக்கொண்டே இருந்தேன். என் வீட்டில் விசேஷமே கிடையாது. ஒரே மகள் ரெஜினா. கோயிலில் அவள் முதல் நன்மை வாங்கிய சடங்கைக்கூடச் சத்தமில்லாமல் முடித்தோம். அதனால் நான் போட்டதெல்லாம் ஊர் ஊராக நின்றது. நோட்டில் முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். என் வீட்டுக்காரர் சவரியப்பன் நூல் மில்லில் வேலை பார்ப்பவர், அதிகம் பேசாதவர். அவரே என்னைப் பார்த்து, "நீ வீட்டுக்குள்ளயே பேங்க்கு நடத்துற" என்பார். எனக்கு அதில் பெருமைதான்.

தொண்ணூற்றேழு ஐப்பசியில் ரெஜினாவுக்கு நிச்சயமானது. மாப்பிள்ளை ரூபன், நரிக்குடிப் பக்கம் தபால்காரர். தகப்பனார் இல்லை. தாயார் இஞ்ஞாசியம்மாள் ஆடு வளர்த்தும் கண்மாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நெல் போட்டும் மகனை ஆளாக்கியவர். பத்துப் பவுன் கேட்டார்கள். ஏழு என்னிடம் இருந்தது. மீதி மூன்று பவுன், பலசரக்கு, பந்தல், துணிமணி எல்லாம் சேர்த்து முப்பதாயிரம் ரூபாய்க்குக் கடனாகத் தர எல்லாக் கடைக்காரர்களும் தயாராக இருந்தார்கள். கல்யாணத்தன்று சாயங்காலம் மொய்ப் பணத்தை எண்ணி அவர்களுக்குக் கொடுத்துவிடுவதுதான் இங்கே வழக்கம். என் நோட்டின் கனம் அவர்களுக்கும் தெரியும்.

பிறகு எதற்குக் கம்பெனி என்று கேட்பீர்கள். ஆசைதான், வேறென்ன. மாப்பிள்ளை சைக்கிளில் தபால் சுமக்கிறாரே, ஒரு மொபெட் வாங்கிக் கொடுத்தால் மகள் அந்த வீட்டில் நிமிர்ந்து நடப்பாளே என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து என் தம்பி இன்பராஜ் வந்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்க்கிறவன், அந்த வெயிலில் கழுத்தில் டை கட்டிக்கொண்டு நின்றான். என்னை ஞாயிற்றுப் பூசை முடிந்த கையோடு ஒரு கல்யாண மண்டபத்துக்கு அழைத்துப் போனான்.

அங்கே கோட்டுப் போட்ட ஒருவர் கரும்பலகையில் வட்டம் வரைந்துகொண்டிருந்தார். மேலே ஒரு வட்டம், அது நான். எனக்குக் கீழே இடது பக்கம் ஒரு வட்டம், வலது பக்கம் ஒரு வட்டம். அவர்களுக்குக் கீழே நான்கு, பிறகு எட்டு. பலகையில் இடமே இல்லாமல் போய்விட்டது. ஐந்நூற்று ஒன்று கட்டினால் ஒரு பை தருவார்கள். அதில் சோப்பு, பல்பொடி, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் இருக்கும். நாம் சேர்க்கிற ஒவ்வொரு ஜோடிக்கும் நமக்கு நூறு ரூபாய். நமக்குக் கீழே வந்தவர்கள் ஆள் சேர்க்கச் சேர்க்க, வீட்டில் உட்கார்ந்தபடியே செக் வந்துகொண்டிருக்கும். கடைசியாக அவர் எல்லாருக்கும் ஒரு தாள் கொடுத்துச் சொன்னார்: "உங்களிடம் முடியாது என்று சொல்ல முடியாத நூறு பேருடைய பெயரை எழுதுங்கள்."

பக்கத்தில் இருந்தவர்களெல்லாம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. என்னிடம் முடியாது என்று சொல்ல முடியாதவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். அந்த நிமிஷம்தான் நான் கெட்டேன்.

நோட்டில் பெரிய தொகை நிற்கிற வீடுகளாகப் பார்த்து நாற்பத்தாறைப் பொறுக்கினேன். திருச்சுழி, மல்லாங்கிணறு, வீரசோழன் என்று பஸ் பஸ்ஸாக ஏறினேன். போகிற வீட்டில் எடுத்ததும் காசு கேட்டால் நன்றாக இருக்காது என்று தட்டில் வெற்றிலை பாக்கும் கற்கண்டும் வைத்து, "ரெஜினாவுக்கு நிச்சயம் பண்ணியாச்சு" என்று தொடங்குவேன். பிறகு நோட்டை விரித்து, "ஒங்க வீட்டுக்கு நான் இன்ன மாசம் இவ்வளவு செஞ்சிருக்கேன்" என்று வாசித்துக் காட்டுவேன். அப்புறம் வட்டம், இடது, வலது எல்லாம் சொல்லி, "எனக்காக ஒரு ஐந்நூத்தி ஒண்ணு போடணும்" என்று கேட்பேன். ஒருத்தர் மறுக்கவில்லை. உள்ளே போய் எடுத்து வந்து, வெற்றிலையின் மேல் வைத்துக் கொடுத்தார்கள். நீட்டிய தாளில் கையெழுத்தும் போட்டார்கள். என் பேச்சுத் திறமை என்று நான் நினைத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் என்னையே நாலு அறை அறையலாம் போல இருக்கிறது.

நாற்பத்தாறு பேர், இருபத்துமூன்று ஜோடி. மார்கழியில் இரண்டாயிரத்து முந்நூறு ரூபாய்க்குச் செக் வந்தது. இன்பராஜ் அதைச் செராக்ஸ் எடுத்துக் கொடுத்து, "அக்கா, இனிமே நீ பேசாத. இது பேசும்" என்றான். பஸ் செலவுக்கும் வெற்றிலைக்கும் அதில் பாதி போயிருந்தது. தை போனது, மாசி போனது, அடுத்த செக் வரவில்லை. கீழே இருக்கிற நாற்பத்தாறு பேரில் ஒருத்தர்கூட ஒரு ஆளைச் சேர்க்கவில்லை. கல்யாண வேலை தலைக்கு மேல் கிடந்ததால், பத்திரிகை வைக்கப் போகும்போது நேரில் உசுப்பிவிடலாம் என்று இருந்துவிட்டேன்.

ஈஸ்டர் என்கிற பாஸ்குத் திருநாள் முடிந்த அடுத்த ஞாயிறு, கோயிலில் முதல் ஓலை வாசித்தார்கள். எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பது முறை. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று சாமியார் சொல்வார். மூன்றாம் ஓலைக்குப் பிறகு புதன்கிழமை, மே ஆறாம் தேதி கல்யாணம். ரெஜினாவின் பெயரைச் சாமியார் வாசித்தபோது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மறுநாளே பத்திரிகைக் கட்டோடு மல்லாங்கிணறு போனேன்.

அங்கே சங்கரம்மாள் என்று ஒருத்தர், என் வீட்டுக்காரரோடு மில்லில் வேலை பார்ப்பவரின் மனைவி. பத்திரிகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"மொத நாளே வந்துருவேன் எலிசபெத்து. காய்கறி வெட்ட ஆளு வேணும்ல?"

"வேலைக்கு ஆளு இருக்கு. நீங்க ஒக்காந்து சாப்பிட்டு, மொய்யப் பெருசா எழுதிட்டுப் போனாப் போதும்" என்று கேலியாகச் சொன்னேன்.

அவர் முகத்தில் சிரிப்பு மறைந்தது. "மொய்யா? அதான் ஐப்பசியிலயே வாங்கிட்டுப் போயிட்டியே."

"அது கம்பெனிக்கு வாங்குனதுல்ல?"

"எந்தக் கம்பெனி? வட்டம் அது இதுன்னு நீ சொன்னது எங்களுக்கு வெளங்கல. வெத்தல பாக்கு வச்ச. மக கல்யாணம்ன. நோட்ட விரிச்சு, எம் மகன் காதுகுத்துக்கு முந்நூத்தி ஒண்ணு செஞ்சேன்னு வாசிச்ச. ஐந்நூத்தி ஒண்ணு கேட்ட. இருநூறு கூடப் போகுதேன்னு இவுக மொணங்குனாக. கல்யாண வீட்டுக்காரிக்கு முன்கூட்டியே கை தேவைப்படுது போல, குடுங்கன்னு நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

"பை ஒண்ணு குடுத்தேனே. அது?"

"தாம்பூலப் பைன்னு நெனச்சேன். சோப்பு நல்லாத்தான் இருந்துச்சு. மொய்க்குப் போயிக் கையெழுத்து வாங்குறாளேன்னு மட்டும் நாங்க ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டோம்."

உள்ளே போய் அவருடைய மொய் நோட்டை எடுத்து வந்தார். எலிசபெத் மகள் கல்யாணம், ஐந்நூற்று ஒன்று, கொடுத்தாச்சு என்று எழுதிக் கீழே கோடு போட்டிருந்தது. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு எழுந்தேன்.

அன்றும் மறுநாளும் பதினொரு வீட்டுக்குப் போனேன். பத்திரிகை வைக்கிற சாக்கில் பேச்சைக் கொடுத்துப் பார்த்தேன். எல்லா வீட்டிலும் அதே கதை. ஒருத்தரும் ஏமாற்றவில்லை, ஒருத்தரும் மறுக்கவில்லை. முறையாகத் திருப்பிச் செய்துவிட்டார்கள், அவ்வளவுதான். அது வேறு, இது வேறு என்று நான் விளக்கம் சொல்லலாம். சொன்னால் ஒரே மொய்யை இரண்டு தடவை வசூலிக்கப் பார்த்தவள் என்று பெயர் வரும். கொலை செய்தவளுக்குக்கூடக் கோர்ட்டில் ஜாமீன் உண்டு. மொய்யை இரண்டு தடவை கேட்டவளுக்கு இந்த வட்டாரத்தில் எந்த வீட்டிலும் தண்ணீர் கிடைக்காது.

கூட்டிப் பார்த்தேன். பெரிய கை நாற்பத்தாறும் போய்விட்டால் மீதிப் பேரிடமிருந்து பன்னிரண்டாயிரமோ பதினான்காயிரமோ வரும். நகைக்கடைக்காரர் பழகியவர்தான், ஆனால் பணம் வரும் வழி அடைபட்டுவிட்டது என்று தெரிந்தால் மூன்று பவுனைக் கண்ணில் காட்ட மாட்டார். நகை குறைந்தால் கல்யாணம் நிற்கும். ஓலை வாசித்து நின்ற பெண் என்று ரெஜினாவைக் காலமெல்லாம் சொல்வார்கள்.

இன்பராஜிடம் போனேன். வாசலில் அவன் மனைவி நின்றாள். கழுத்தில் சங்கிலி இருந்த இடத்தில் மஞ்சள் கயிறு.

"பயப்படாத அக்கா. இன்னும் பத்தே பத்துப் பேரு. ஒங் கணக்கு அம்பத்தாறு ஆச்சுன்னா வெள்ளி மெடலு. இருபத்தஞ்சாயிரம் செக்கு. ஒரே வாரத்துல வந்துரும்."

"ஏலே, ஒனக்கு வந்துச்சா அந்தச் செக்கு?"

"எனக்கு இன்னும் எட்டுப் பேரு கொறையுது."

"பத்துப் பேருக்கு நான் எங்கலே போவேன்? எல்லாரும் மொய்யிக் கணக்குல முடிச்சுட்டாக."

"மொய்யிக் கணக்குல இல்லாத புது ஆளுக இருக்காகள்ல" என்றான். "நரிக்குடி."

சம்பந்தி வீட்டைச் சொல்கிறான். அவன் கன்னத்தில் ஒன்று வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. வியாழக்கிழமை காலை, வெற்றிலை பாக்குத் தட்டும் பழமும் பையில் வைத்து, அதற்கு அடியில் பத்துத் தாளையும் செக்கின் செராக்ஸையும் வைத்து நரிக்குடி பஸ் ஏறினேன்.

இஞ்ஞாசியம்மாள் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நீளமாகப் பேசுகிற பழக்கம் இல்லாதவர். "வாங்க மதினி" என்று பாய் விரித்தார். தட்டை வாங்கி மாதா படத்துக்கு முன்னால் வைத்தார். நான் வட்டம், ஜோடி எல்லாம் சொல்லி முடிக்கும்வரை ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டபடியே கேட்டார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"எனக்கு இந்தப் படிப்பெல்லாம் வெளங்காது. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். இதுல நெசமாவே காசு வருதா? ஒங்க கைக்கு வந்துச்சா?"

இல்லை என்று சொன்னால் என் மகள் கல்யாணம் போகும் என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது. செராக்ஸை எடுத்து நீட்டினேன்.

"வந்துச்சு மதினி. இது மொத மாசம். பொறவு கூடிக்கிட்டே போகுது."

அவர் அந்தத் தாளைத் தலைகீழாகப் பிடித்தபடி ரொம்ப நேரம் பார்த்தார். படிக்கத் தெரியாது. "பொண்ணு குடுக்கிற வீட்டுக்காரவுக பொய் சொல்லவா போறாக" என்று சொல்லிவிட்டு எழுந்தார். தம்பிமார் இரண்டு பேர், அவர்கள் மனைவிமார், நாத்தனார் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வந்தார். கல்யாணத் துணிக்காக இரண்டு கிடாய் விற்ற பணம் டிரங்குப் பெட்டியில் இருந்தது. அதிலிருந்து தனக்கும் ரூபனுக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் அவரே எண்ணிக் கொடுத்தார். பத்துப் பேர், ஐயாயிரத்துப் பத்து ரூபாய். பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து, ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மடியில் இருந்த பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தேன்.

வீட்டில் ரெஜினா தன் கல்யாண ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். பையில் இருந்து தாள்கள் நழுவி விழுந்தன. பொறுக்கிக் கொடுத்தவள் முதல் தாளிலேயே ரூபன் பெயரைப் பார்த்துவிட்டாள். பத்துத் தாளையும் ஒவ்வொன்றாக வாசித்தாள்.

"இதுல காசு வருதுன்னு அங்க சொன்னியாம்மா?"

"சொன்னேன்."

"ஒனக்கு வந்துச்சா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "யாருக்காகடி இம்புட்டும் செய்றேன்? என் கழுத்துலயா பத்துப் பவுனு தொங்கப் போகுது?" என்று கத்தினேன்.

அவள் கத்தவில்லை. "நீ இங்க இருப்ப. நான் அங்க இருப்பேன். கெடா வித்துக் குடுத்த காசு எங்க, ஒங்கம்மா வரும்னு சொன்ன காசு எங்கன்னு பத்துப் பேரும் என்னயத்தான் கேப்பாக. தெனமும் கேப்பாக. நான் என்ன சொல்லணும்? அத மட்டும் சொல்லிக்குடு. நான் மனப்பாடம் பண்ணிக்கிறேன்."

மூலையில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர், "பணத்த மதுரையில கட்டிட்டியா?" என்று கேட்டார்.

"இல்ல. திங்கக்கெழம போகணும்."

"அப்ப இன்னும் நம்ம கையிலதான் இருக்கு" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் ஓலை வாசித்தார்கள். தடை ஏதும் அறிந்தவர்கள் என்று சாமியார் சொன்னபோது என் பக்கம் பார்த்துச் சொன்னது போல இருந்தது. அவர் தாளைத்தான் பார்த்தார். எனக்கு அப்படிப் பட்டது.

திங்கள் காலை பஸ் ஸ்டாண்டில் இன்பராஜ் டையோடு காத்திருந்தான். மதுரை பஸ்ஸில் இரண்டு சீட்டுக்குத் துண்டு போட்டு வைத்திருந்தான். நான் அந்தப் பஸ்ஸைத் தாண்டி நடந்ததும் ஓடி வந்து என் பையின் காதைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, எங்க போற? இன்னைக்குத்தான் கடைசி நாளு. நீ மேல போனாத்தான் நானும் மேல போவேன். அவ சங்கிலி அடகுல கெடக்கு அக்கா."

"விடுலே."

"ஒம் மக கல்யாணம் நின்னுரும்."

"தெரியும். விடு."

அவன் விடவில்லை. பஸ் ஸ்டாண்டில் இருந்த சனமெல்லாம் பார்த்தது. அக்காளும் தம்பியும் ஒரு பைக்காக இழுத்துக்கொண்டு நின்றோம். சிறுவயதில் அவனுக்குப் பேன் பார்த்துத் தலை வாரிவிட்டவள் நான். அவன் கண்ணில் தண்ணீரைப் பார்த்ததும் என் கை தளர்ந்தது. ஒரு நிமிஷம் மதுரைக்கே போய்விடலாமா என்று தோன்றியது நிஜம். நரிக்குடி பஸ்ஸின் கண்டக்டர் விசில் ஊதினார். நான் பையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு ஏறிவிட்டேன்.

நரிக்குடியில் பத்துப் பேரையும் கூப்பிடச் சொன்னேன். விசேஷச் செய்தி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். ரூபனும் தபால் பையோடு வந்து நின்றார். பணத்தையும் தாள்களையும் பாயில் வைத்தேன். ஆரம்பம் முதல் சொன்னேன். மொய் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் அலைந்தது, மொய் என்று நினைத்து ஊரார் கொடுத்தது, வந்தது இரண்டாயிரத்து முந்நூறு மட்டும், அதற்குப் பிறகு ஒரு பைசா வராதது, மூன்று பவுனுக்கு வழியில்லாதது, எல்லாம்.

"கூடிக்கிட்டே போகுதுன்னு நான் சொன்னது பொய்" என்றேன். சொல்லும்போது அழக் கூடாது என்று நினைத்திருந்தேன். அழுதுவிட்டேன்.

இஞ்ஞாசியம்மாளின் பெரிய தம்பி எழுந்தார். "அக்கா, தாலி கட்டுறதுக்கு முன்னாலயே இப்படி. இந்த வீட்டுல பொண்ணெடுக்கணுமா? யோசிச்சுக்க." யாரும் அவரை அடக்கவில்லை. ரூபன் தன் தாயார் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இஞ்ஞாசியம்மாள் பணத்தை எண்ணி, அவரவர் பங்கை அவரவர் கையில் கொடுத்தார். கடைசியில் தன் பங்கை முந்தானையில் முடிந்துகொண்டு என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"நீங்க போங்க மதினி. நாங்க பேசிக்கிறோம்."

செவ்வாய், புதன், வியாழன் என்று நாள் ஓடியது. ஒரு சேதியும் வரவில்லை. பலசரக்குக் கடைக்காரர் சாமான் எப்போது இறக்கட்டும் என்று ஆள் அனுப்பினார். சனிக்கிழமை இறக்கலாம் என்று சொல்லியனுப்பினேன். சனிக்கிழமை வந்தது, அவரிடம் திங்கள் என்றேன். ரெஜினா கொக்கி தைத்து முடித்த ரவிக்கையை மடித்து வைத்துவிட்டு, ஊரார் துணிகளைத் தைக்க ஆரம்பித்தாள். கல்யாணப் பெண் செய்கிற வேலையா அது? எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தெம்பு இல்லை. கல்யாணம் வேண்டாம் என்றால் நரிக்குடிக்காரர்கள் தங்கள் கோயில் பங்குச் சாமியாரிடம் சொல்வார்கள், அவர் எங்கள் சாமியாருக்குச் சொல்வார், மூன்றாம் ஓலை வாசிக்க மாட்டார்கள். அப்படித்தான் எங்களுக்குத் தெரியவரும் என்று நினைத்தேன்.

ஞாயிறு பூசையில் நாங்கள் மூன்று பேரும் பின்னால் உட்கார்ந்தோம். பிரசங்கம் முடிந்து சாமியார் ஓலைத் தாளை எடுத்தார். வேறொரு ஜோடிக்கு முதல் ஓலை வாசித்தார். இன்னொரு ஜோடிக்கு இரண்டாம் ஓலை வாசித்தார். தாளை மடித்தார். சாமியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மடித்த தாளைத் திரும்பப் பிரித்தார்.

"மூன்றாம் முறையாக. நரிக்குடி இஞ்ஞாசியம்மாள் மகன் ரூபனுக்கும், இந்தப் பங்கைச் சேர்ந்த சவரியப்பன் எலிசபெத் மகள் ரெஜினாவுக்கும்..."

மேற்கொண்டு எனக்குக் காதில் விழவில்லை. என் வீட்டுக்காரர் வேட்டித் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.

பூசை முடிந்து வெளியே வந்தால், வேப்ப மரத்தடியில் இஞ்ஞாசியம்மாள் நின்றிருந்தார். முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டாராம். நான் கும்பிடப் போனேன். கையைப் பிடித்துத் தடுத்தார்.

"மூணு பவுன முடிஞ்சப்ப போடுங்க. கல்யாணம் நடக்கும். பொண்ணு மேல எனக்கு ஒரு கொறையும் இல்ல. ஆனா ஒண்ணு. இனிமே எம் வீட்டுக்கு வரும்போது கையில ஒண்ணும் கொண்டு வரக் கூடாது. பையும் வேணாம், தட்டும் வேணாம், ஒரு சீப்புப் பழம்கூட வேணாம். அன்னைக்கு நான் அந்தச் செக்கையா நம்புனேன்? வெத்தல பாக்கு வச்சீகளே, அதத்தான் நம்புனேன்."

"சரி மதினி" என்றேன். அந்த நேரத்தில் என் தலையைக் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

கல்யாணம் நடந்தது. நாற்பத்தாறு வீட்டுக்காரர்களும் வந்தார்கள், வயிறாரச் சாப்பிட்டார்கள், மணமக்களை வாழ்த்தினார்கள், மொய் மேசையைத் தலைநிமிர்ந்து கடந்து போனார்கள். சங்கரம்மாள் சொன்னபடி முதல் நாளே வந்து காய்கறி வெட்டினார். மொய் பதின்மூன்றாயிரத்துச் சொச்சம். பலசரக்குக் கடைக்காரர் பந்தலிலேயே நின்று பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. என் வீட்டுக்காரர் மில்லில் லோன் போட்டார். நான் தையல் மிஷினை விற்றுவிட்டு இன்னொருத்தி கடையில் கூலிக்குத் தைத்தேன். ஆவணியில் மதுரையில் அந்தக் கம்பெனியின் போர்டையே கழற்றிவிட்டார்கள் என்று இன்பராஜ் சொன்னான். அந்த இருபத்தைந்தாயிரம் செக் வந்திருக்குமா, வந்திருக்காதா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. இதில் நிஜமாகவே காசு வருமா என்று யாராவது கேட்டால், வரும், பலகையில் வட்டம் வரைகிறவருக்கு வரும் என்று சொல்வேன்.

கல்யாணம் முடிந்து ஒரு மாதம் கழித்து முதல் தடவையாக மகளைப் பார்க்கப் போனேன். பஸ் ஸ்டாண்டில் பூக்காரி கூப்பிட்டாள், பழக்கடைக்காரர் கூப்பிட்டார். பெற்ற மகளை முதல் தடவை பார்க்கப் போகிறவள் பலகாரத் தூக்கும் பூவும் பழமுமாகத்தானே போக வேண்டும். நான் பஸ் காசை மட்டும் கையில் மடித்து வைத்துக்கொண்டு ஏறினேன். நரிக்குடியில் இறங்கித் தெருவில் நடந்தபோது, சம்பந்தியம்மா கைவீசிக்கொண்டு வருகிறாள் என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் என் காதில் விழும்படியே சொன்னாள்.

ரெஜினா வாசலில் நின்றிருந்தாள். முதலில் என் கைகளைத்தான் பார்த்தாள். உடனே சிரித்துவிட்டாள், என்றாலும் நான் பார்த்துவிட்டேன். உள்ளேயிருந்து இஞ்ஞாசியம்மாள் வந்தார். அவரும் என் கைகளைப் பார்த்தார்.

"வெறுங்கையாத்தான் வந்திருக்கேன் மதினி."

"அதுதான் வேணும். உள்ள வந்து ஒக்காருங்க."

பாய் விரித்தார். உட்கார்ந்தேன். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.